தூசு கிளம்புவது சாலையில்தான்

"கல் குவாரியில் தண்ணீர் தெளித்தால் தூசு அடங்கிவிடாதா?" என்று கலந்துரையாடலில் பெம்பான் அன்பர் ஒருவர் கேட்டார். குவாரிக்குள் ஓரளவு அடங்கும். ஆனால், குவாந்தானில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2014 ஜனவரியில் இந்தோனேசியா கனிம ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், சீனா பாக்சைட்டுக்கு நம் நாட்டை நாடியது. புக்கிட் கோ வட்டாரத்திலிருந்து துறைமுகம் வரை லோரிகள். சாலை, கூரை, கொடியில் காய்ந்த துணி எல்லாம் சிவப்பு!

லோரியிலிருந்து சிந்திய மண்ணும் சக்கரத்தில் ஒட்டி வந்த ஈர மண்ணும் வெயிலில் காயும். அடுத்த லோரி அதை நசுக்கிப் பறக்கவிடும். 10 மைக்ரோனுக்குக் குறைந்த துகள் மூக்கில் நிற்காமல் மார்புக்குள் இறங்கும். ஆகவே, வாசலிலேயே சக்கரத்தைக் கழுவி, தார்ப்பாயை இழுத்துக் கட்டியாக வேண்டும்.

2016 ஜனவரி 15-இல் அரசாங்கம் தோண்டுவதையே நிறுத்தியது. தடை 2019 மார்ச் வரை நீடித்தது. இப்போதெல்லாம் கல் லோரியைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான்.