பிளக்கு வாங்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் இன்றும் காணலாம். 60 ஆண்டுகளைக் கடந்த அவ்வண்டிகளின் இயந்திரத்தில் நெருப்பு மூட்டுபவை விரலளவேயான நான்கு பிளக்குகள். விலையிற் சிறிய பொருள்தான். ஆயினும், பொருந்தாத பிளக்கு ஒன்று இயந்திரத்தையே பாழாக்கிவிடக்கூடும். ஆதலின், கடைக்காரர் எடுத்து நீட்டுவதை அப்படியே வாங்கி வருதல் நன்றன்று.

புரி ஏறினாற் போதும் என்று எண்ணுவோர் உளர். அவர்கள் புரியின் நீளத்தைக் கவனிப்பதில்லை. 1956 இல் வந்த 948 சி.சி. மைனருக்கு 14 மில்லிமீற்றர் விட்டமும் 19 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட புரி வேண்டும். அதே விட்டத்தில் 12.7 மில்லிமீற்றர் நீளமுடையனவும் உண்டு. அக்குட்டைப் பிளக்கைப் பூட்டினால் நுனி உள்ளே எட்டாது. வெறுமையாய் விடப்பட்ட புரியிற் கரி படிந்து, பின்னர் சரியான பிளக்கும் ஏற மறுக்கும். குட்டையானது வேண்டிய இயந்திரத்தில் நீண்டதைப் பூட்டினாலோ, மேலெழும் பிஸ்டன் அதனை மோதக்கூடும். அப்புறம் வரும் செலவை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பலரை மயக்குவது வெப்ப எண்ணே. சூடான பிளக்கு என்றால் அதன் பொறி சூடானது என்பதன்று பொருள். வெப்பத்தை விரைவில் வெளியே விடாது நுனியிலே வைத்திருப்பது என்பதே பொருள். குளிர்ந்த பிளக்கு விரைவில் விட்டுவிடும். நுனியின் வெப்பம் ஏறத்தாழ 500 பாகை சதமளவுக்குக் கீழே நின்றால் படிந்த கரி எரிந்து நீங்காது. 850 பாகையைத் தாண்டினால் பொறி பறக்குமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும். வேடிக்கை என்னவெனில், என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. சம்பியனிலும் பொஷ்ஷிலும் எண் ஏற ஏறச் சூடு! என்.ஜி.கே.யின் 6 ஏறக்குறையச் சம்பியனின் 9 க்கு ஒப்பாகும். எனவே, ஒரு கம்பனியின் எண்ணைச் சொல்லி மற்றொரு கம்பனியின் பிளக்கைக் கேட்டல் ஆகாது.

வடக்கில் 1990 களிற் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், சிறிது பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியதைப் பெரியோர் அறிவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. அரைகுறையாய் எரிந்து நுனியைக் கரியால் மூடிவிடும். அந்நாளிற் பிளக்கைக் கழற்றித் துடைக்க அறியாதவர் நடுவழியில் நிற்க நேர்ந்தது.

கழற்றிய பழைய பிளக்கை எறிந்துவிடாதீர்கள். நுனி இளங்கபிலமாயின் அதே எண்ணை வாங்கலாம். உலர்ந்த கரியாயின் எரிபொருள் மிகையாகச் செல்லுகின்றது. எண்ணெய்ப் பசையாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருப்பின் இயந்திரம் மிதமிஞ்சிச் சுடுகின்றது. இக்குறைகளைப் புதுப் பிளக்குத் தீர்க்காது.

இரிடியம் பிளக்கு நெடுங்காலம் உழைக்கும், விலையும் அதிகம். பழைய மைனருக்குச் சாதாரண நிக்கல் நுனியே போதும் என்பது நம் எண்ணம். அதன் இடைவெளி 0.025 அங்குலம், பூட்டுமுன் அளந்து பாருங்கள். டீசல் லொறிக்காரருக்கோ இக்கவலை இல்லை. அவ்வியந்திரத்திற் பொறிக்கே இடமில்லை.

பூட்டும்போது இயந்திரம் ஆறியிருக்கட்டும். முதலிற் கையாலேயே திருகி, வளையம் தட்டியபின் சாவியால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்காலுக்குச் சற்றுக் குறைவாய்த் திருப்பினாற் போதும்.