ஒரே மூட்டு, இரண்டு மதிப்பெண்

சரவாங்கி என்று நாம் சொல்லும் முடக்குவாதம், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் மூட்டுச் சவ்வையே பகையென்று நினைத்துத் தாக்குகிற நோய் இது. ஹார்மோன்களுக்கு இதில் பங்கு உண்டு என்பதற்கான தடயம் பழையது. கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் தணிவதை அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1938இல் பதிவு செய்தார். அந்தத் தேடல்தான் கார்டிசோன் மருந்துக்கும் 1950இல் நோபல் பரிசுக்கும் அவரைக் கொண்டுபோனது. பிரசவத்துக்குப் பிறகு நோய் மறுபடி மூள்வதும் தெரிந்ததே. ஆக, பெண்களுக்கு அதிகம் வருகிறது என்பதில் வழக்கில்லை. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு கூற்றில்தான் எனக்குத் தயக்கம்: வந்தால் பெண்களுக்குக் கடுமையாக வரும், மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாது என்பது.

இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 25 நாடுகளில் 6,000 நோயாளிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், ஆண்களில் 30 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது; பெண்களில் ஏறத்தாழ அதில் பாதிதான். ஆனால் ‘அடங்கியது’ என்று தீர்மானிப்பது எது? டாஸ் 28 என்ற மதிப்பெண். 28 மூட்டுகளில் எத்தனை வீங்கியிருக்கின்றன, எத்தனை தொட்டால் வலிக்கின்றன, இரத்தத்தின் இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) எவ்வளவு, நோயாளி தன் நிலைக்கு நூற்றுக்கு எத்தனை போடுகிறார் என்ற நான்கையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுவார்கள். 2.6க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியதாகப் பொருள்.

சிக்கல் இ.எஸ்.ஆரில் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்கு 20 வரையும் பெண்ணுக்கு 30 வரையும் இயல்பு என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவு. சூத்திரத்துக்கு அந்தப் பேதம் தெரியாது. வயதில் ஒத்த ஓர் ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வீங்கிய மூட்டு ஒன்று, வலிக்கும் மூட்டு இல்லை, தம் நிலைக்கு இருவரும் போடும் எண் 10. இ.எஸ்.ஆர். மட்டும் அவரவர் இயல்பின் உச்சத்தில், 20, 30. ஆணுக்கு வருவது 2.52, பெண்ணுக்கு 2.80. அவருக்கு நோய் அடங்கிவிட்டது, இவருக்கு அடங்கவில்லை. இதில் இரத்தசோகையும் சேர்ந்தால் இ.எஸ்.ஆர். இன்னும் ஏறும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். நம் பெண்கள் எந்த நோயும் தொடங்குமுன்பே சில புள்ளிகள் கடனோடு நிற்கிறார்கள்.

அப்படியானால் பெண்கள் சொல்லும் வலியெல்லாம் கணக்குப் பிழையா என்று கோபத்தோடு கேட்கலாம்; கேட்கத்தான் வேண்டும். அதே ஆய்வில், வீங்கிய மூட்டு ஒன்று மட்டும் உள்ளவர்களையும் அதுவும் இல்லாதவர்களையும் தனியே பிரித்துப் பார்த்தபோதும் வலி, களைப்பு, அன்றாட வேலையில் சிரமம் எல்லாம் பெண்களுக்கே கூடுதல். அந்த வலி உண்மை. அது முழுக்க மூட்டு அழற்சியிலிருந்தே வருகிறது என்பதுதான் நிச்சயமில்லை. பொதுவாகப் பெண்ணின் கைப்பிடி வலிமை ஆணைவிடக் குறைவு. இருவரும் ஒரே அளவு வலிமை இழந்தாலும், இறுகிய பாட்டில் மூடி முதலில் திறக்க மறுப்பது பெண்ணின் கைக்குத்தான். எல்லாவற்றையும் அளவுகோலின் தலையில் கட்டவும் முடியாது. வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையே அந்த ஆய்வில் பெண்களுக்குச் சற்று அதிகம். இன்னொரு பக்கம், இதே நோய் நுரையீரலைத் தாக்கி இறுகச் செய்வது ஆண்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. நுரையீரலுக்கு இடமில்லாத அந்தச் சூத்திரத்தில் அது நேரடியாக ஏறுவதே இல்லை.

சிகிச்சை இந்த எண்ணைப் பார்த்து நடப்பதால் விஷயம் ஏட்டோடு நிற்பதில்லை. 2.6க்குச் சற்று மேலே நிற்கும் பெண்ணுக்கு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தின் அளவு கூட்டப்படலாம். அவருக்குத் தேவைப்பட்டது இரும்புச்சத்து மாத்திரையாக இருக்கலாம். சி.ஆர்.பி. என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை இரத்தசோகைக்கு அவ்வளவாக அசையாது. அதை வைத்தும் இதே மதிப்பெண்ணைப் போடச் சூத்திரம் இருக்கிறது. மூட்டுச் சவ்வில் அழற்சி மிச்சமிருக்கிறதா என்பதை ஸ்கேனில் நேரடியாகவே பார்க்கலாம். மருந்தைக் கூட்டுமுன் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒருமுறை பார்ப்பதற்கு இத்தனைகூட வேண்டியதில்லை.