கோழியின் தீனிப்பையில் ஒரு பூஞ்சை

கோழி வளர்ப்பில் பூஞ்சை என்றாலே, 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடியக் காரணமான அஃப்ளடாக்சின் நஞ்சுதான் பேசப்படுகிறது. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் அந்நஞ்சைச் சுரந்த பூஞ்சை, தீவனத்தோடு வந்த வெளியாள். கோழியின் உணவுப்பாதையிலேயே குடியிருக்கும் பூஞ்சைகளோ அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

அவற்றுள் நன்கு அறியப்பட்டது கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட். விழுங்கிய தானியம் இரைப்பைக்குச் செல்லுமுன் கழுத்தடியில் தங்கி ஊறும் தீனிப்பையில், உட்சுவரை ஒட்டி அடர்ந்து வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள், அமிலம் சுரந்தும் இடத்தை அடைத்துக்கொண்டும் இந்த ஈஸ்ட்டை அடக்கி வைக்கின்றன. லண்டனுக்கு மேற்கே ரெடிங் அருகிலிருந்த தேசியப் பால்பண்ணை ஆய்வு நிறுவனத்தில், அந்த ஒட்டுதலை ராய் ஃபுல்லர் 1970களில் விரிவாக ஆராய்ந்தார்.

இந்தப் பூஞ்சைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பதே வியப்புக்குரியது. அடங்கியிருக்கும் காலத்தில் அரும்பு விட்டுப் பெருகும் உருண்டை உயிரணுவாக இருப்பது, காவல் தளர்ந்ததும் நீண்ட இழையாக மாறித் திசுவுக்குள் ஊடுருவுகிறது. அப்போது தீனிப்பையின் உட்சுவர் தடித்து வெளுத்து, தேங்காய்ப்பூத் துண்டைப் போலச் சொரசொரப்பாகிவிட, பறவை தீனி குறைந்து, வளர்ச்சி குன்றி, இறகு சிலிர்த்து நிற்கும்.

காவலைத் தளர்த்தியதில் மனிதருக்கும் பங்குண்டு. லண்டன் பாடிங்டனிலுள்ள செயின்ட் மேரி மருத்துவமனையில் 1928இல் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், வேறொரு பூஞ்சை சுரக்கும் பொருள். பாக்டீரியாவின் உயிரணுச் சுவர் உருவாவதைத் தடுக்கும் அது, அத்தகைய சுவரே இல்லாத கேண்டிடாவைத் தொடுவதில்லை. பன்றி, கோழித் தீவனங்களில் வளர்ச்சிக்காக அதனைக் கலக்க 1953இல் பிரிட்டன் இசைவளித்தது. நோயில்லாத பறவைக்கு நாள்தோறும் மருந்தூட்டுவதைச் சிக்கனம் என்று கருதியது விந்தையான கணக்குத்தான். பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை நீண்ட நாள் கொடுத்தால் காவல் பாக்டீரியாக்கள் குறைந்து, ஈஸ்ட்டுக்கு இடம் கிடைக்கிறது. கால்நடை வளர்ப்பில் இம்மருந்துகளின் பயன்பாட்டைப் பிரிட்டனில் ஆராய்ந்த சுவான் குழு 1969 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, பெனிசிலினையும் டெட்ராசைக்ளினையும் மருத்துவர் சீட்டின்றித் தீவனத்தில் சேர்க்கலாகாது என்றது. ஆனால் குழுவின் கவலை மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைப் பற்றியது, பூஞ்சையைப் பற்றியதன்று.

தீனிப்பையில் வெண்படலம் கண்ட பண்ணையில் தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லியை நிறுத்துவதும், பாசி படிந்த தண்ணீர்த் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுவதும் முதல் வேலைகள். குடிநீரில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கத்தை அவற்றுக்கு மாற்றாகக் கொள்ள இயலாது.