தீட்சிதருக்கு வயது வரம்பு உண்டா?

வாசகர் ஒருவர் கர்நாடக இசை பற்றிக் கேட்கிறார்: இருபதில் தியாகராஜர் கிருதிகளில் கிறங்கிக் கிடந்தேன், தீட்சிதர் என்றால் கொட்டாவி. ஐம்பதில் தீட்சிதரை விட முடியவில்லை. மூளை பக்குவப்பட்டுவிட்டதா?

ஆமாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இதில் வயதின் பங்கு குறைவு, கேட்டுத் தீர்த்த மணிக்கணக்கின் பங்கே அதிகம்.

பாட்டு ஓடும்போது மூளை அடுத்த சுரத்தை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகம் அப்படியே பலித்தால் சலிப்பு, அடியோடு பொய்த்தால் எரிச்சல். இரண்டுக்கும் நடுவில்தான் சுகம். 2011இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்தபோது, பாட்டின் உச்சம் வருவதற்குச் சற்று முன்பே, எதிர்பார்ப்பிலேயே டோபமின் சுரந்தது. (இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களாகப் பொறுக்கி எடுத்துத்தான் சோதித்தார்கள்.)

இப்போது தியாகராஜரின் ‘சக்கனி ராஜ’வைக் கேளுங்கள். கரகரப்ரியா என்ற ராகத்தின் பெயரே தெரியாதவருக்கும் பிடிபட்டுவிடும். பல்லவி சங்கதி சங்கதியாகத் திரும்பி வருகிறது. பெரும்பகுதி பழசு, ஓரிடம் மட்டும் புதுசு. முதல் சங்கதி ஊகிக்கக் கற்றுத்தருகிறது, அடுத்தது அந்த ஊகத்தை லேசாகக் கவிழ்க்கிறது. பாடமும் பரீட்சையும் பாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

தீட்சிதரின் ‘அக்ஷயலிங்க விபோ’வில் இந்தச் சலுகை கிடையாது. சௌக்க காலத்தில், அதாவது மெதுநடையில், சங்கராபரண ராகத்தின் ஒரு பிடி வளைந்து முடிவதற்குள், அதன் தொடக்கம் புதியவரின் நினைவிலிருந்து நழுவியிருக்கும். தியாகராஜர் அளவுக்குத் திரும்பச் சொல்லும் வழக்கமும் இவருக்கு இல்லை. ஊகிக்கத் தேவையான சரக்கை நாம்தான் கொண்டுபோக வேண்டும்: பல வருஷம் கேட்ட வர்ணங்கள், ஆலாபனைகள், ஏன், தியாகராஜரின் சங்கராபரணக் கிருதிகளும்தான். பல தீட்சிதர் கிருதிகளின் கடைசியில் வேகம் கூடும் மத்தியமகாலம் வந்ததும் புதியவர் நிமிர்ந்து உட்காருவது, பிடிகள் நினைவிலிருந்து நழுவும் முன்பே முடிந்துவிடுவதால்தான்.

தியாகராஜர் திராட்சை, சியாமா சாஸ்திரி வாழைப்பழம், தீட்சிதர் தேங்காய் என்பது ரசிகர்களின் பழைய உவமை. நிஜத் தேங்காயை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து உரிக்க வேண்டும். இந்தத் தேங்காயில் பத்தை உரித்தவருக்குப் பதினோராவது பாதி உரிந்தே கைக்கு வருகிறது. பல் ஆடும் வயதில் எப்படி ருசிக்கிறது என்பதற்கு உவமையில் பதில் இல்லை.

வரலாறு வேண்டுவோருக்கு: நடுவில்தான் சுகம் என்று மேலே சொன்னதை, அதாவது சிக்கலுக்கும் ரசனைக்கும் உள்ள உறவை, ஏறி இறங்கும் வளைவாக விளக்கியவர் டேனியல் பெர்லைன், 1971இல்.

தீட்சிதரைக் கேட்டால் புத்தி கூர்மையாகுமா? மொசார்ட்டை வைத்து 1993இல் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். மொசார்ட்டைக் கேட்ட கல்லூரி மாணவர்களிடம் தெரிந்தது கால் மணி நேரம்கூட நிலைக்காத முன்னேற்றம்தான். அதை நம்பி 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்டார்.

வயதானால் காது தேய்வது மட்டும் நிச்சயம். நல்லவேளை, முதலில் போவது மேல் அதிர்வெண்கள். கமகம் அசையும் சுரங்கள் அதற்கு வெகு கீழே இருக்கின்றன.