அப்புறம் என்ன ஆயிற்று?

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (இயற்பியல்)

கதை கேட்டு வளராத குழந்தை உண்டோ? கதை முடிந்ததும் "அப்புறம்?" என்று கேட்காத குழந்தையும் இல்லை. அந்த ஒரு சொல்லே இரண்டாம் பாகப் படங்களுக்கெல்லாம் வித்து எனலாம். அவ்வாறு பிறந்த ஒரு கார்ட்டூன் படத்தின் நிறைகுறைகளை இங்கே ஆராய்வோம்.

2005ஆம் ஆண்டில் ‘ஹனுமான்’ என்ற இந்திக் கார்ட்டூன் படம் வெளிவந்து வெற்றி பெற்றது. அனுமனின் பிறப்பு முதல் இலங்கைச் செயல்கள் வரை அது கூறியது. 2007 டிசம்பரில் ‘ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்’ வந்தது. இயக்கியவர் அனுராக் காஷ்யப். இதன் உருவாக்கத்தில் திருவனந்தபுரத்தின் டூன்ஸ் நிறுவனத்துக்கும் பங்குண்டு. விண்ணுலகில் இருக்கும் அனுமன், பூமியில் துன்புறும் ஒரு சிறுவனைக் கண்டு மனமிரங்குகிறான். பிரம்மனிடம் வேண்டி, சில நிபந்தனைகளோடு மாருதி என்னும் மானிடச் சிறுவனாகப் பிறக்கிறான்.

அடி அண்ணாமலையிலுள்ள எங்கள் வீட்டில், விடுமுறை நாளொன்றில் அக்காள் மகனுக்கு இப்படத்தைக் கைபேசியில் காட்டினேன். ஆயாவும் அருகில் அமர்ந்தார். எங்கள் மூவருக்கும் இந்தி தெரியாது. முன்பே படித்திருந்த கதைச் சுருக்கத்தை நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மாருதி மலையளவு உண்பதையும், வம்பு செய்யும் பையன்களை அடக்குவதையும் கண்டு சிறுவன் விழுந்து விழுந்து சிரித்தான். மொழி தெரியாத பிள்ளையையும் சிரிக்க வைப்பது எளிதன்று. ஒரு நொடி அசைவுக்கு 24 சட்டங்கள் ஓட வேண்டும் என்பதை எண்ணினால், அதன் பின்னுள்ள உழைப்பு விளங்கும். பழைய வெற்றியை அப்படியே நகலெடுக்காமல், புராண வீரனை இன்றைய சிற்றூருக்கு அழைத்து வந்த துணிவும் பாராட்டத்தக்கது.

ஆனால் பிற்பகுதியில் ராகு, கேது, சுக்கிராச்சாரியார் எனப் பகைவர் பெருகிப் போர் மூண்டபோது, சிறுவன் உறங்கிவிட்டான். ஆயா கேட்டார்: "இவனை யாரால ஜெயிக்க முடியும்? அப்புறம் எதுக்குப் பயப்படணும்?"

பள்ளி வாயிலைக் காணாத என் ஆயா குறையின் வேரைத் தொட்டுவிட்டார். தோல்விக்கு இடமில்லாத வீரனிடம் கதைக்கு வேலையில்லை. மேலும், முதற்கதையில் தீராது நின்ற எதுவும் இதில் தொடரவில்லை. பெயர் தொடர்ந்தது, கதை தொடரவில்லை. இந்திப் படங்களை அறிந்தவர்க்கே விளங்கும் கேலிகளும் பிள்ளைகளுக்கு எட்டுவன அல்ல.

நல்ல தொடர்ச்சி எப்படி இருக்க வேண்டும்? எங்கள் ஊர்க் கோயிலே விடை கூறுகிறது. அடிமுடி தேடிய கதையை நாம் அறிவோம். அன்னமாகப் பறந்த பிரம்மன் முடியைக் காணாமலே கண்டதாகப் பொய் சொன்னான். தாழம்பூ பொய்ச்சாட்சி ஆயிற்று. பிரம்மனுக்குச் சாபம் வந்தது. கதை அங்கே முடிந்ததென்றே பலரும் எண்ணுவர். "அப்புறம்?" என்று நான் சிறுவயதில் கேட்டபோது, ஆயா ஊர்க் கோயிலைக் காட்டினார். பிழையை உணர்ந்த பிரம்மன் இங்கு லிங்கம் நிறுவி வழிபட்டதாகத் தலமரபு கூறுகிறது. முதற்கதையின் பிழைக்கு இரண்டாம் கதை பதில் சொல்கிறது. படைப்புக் கடவுளே தோற்றதனால்தான், அடுத்து என்ன செய்வான் என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். திறனாய்வு என்ற சொல்லை இங்குதான் கற்றேன். ஆனால் அதன் பொருளை வீட்டிலேயே கேட்டிருக்கிறேன் என்பதை இப்படம் உணர்த்தியது. மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் கார்ட்டூன் படங்கள் எடுக்கலாம். கணிப்பொறியின் முன் அமருமுன், வீட்டுத் திண்ணையில் ஒருமுறை அமர்ந்து அக்கதையைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் "அப்புறம்?" என்று கேட்டால், படம் பிழைத்தது!