கதவோரத்து ரப்பர்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு பிரிட்டனில் எஃகுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டு, அலுமினியக் கலவைத் தகடு மட்டும் தாராளமாகக் கிடைத்த நிலையில், அத்தகட்டையே மேனியாகப் போர்த்தி ரோவர் கம்பெனியார் 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்குக் காட்டிய வாகனந்தான் லாண்ட் ரோவர். 1990 முதல் டிஃபெண்டர் என்ற நாமத்துடன், உருவம் பெரிதும் மாறாமலே, 2016-ஆம் ஆண்டுவரை சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து அது வெளிவந்தது. டார்ஜீலிங் பக்கத்து மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்கு ஏறும் கரடுமுரடான பாதையில், வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுச்சென்ற 1950-களின் வண்டிகள் பிரயாணிகளைச் சுமந்து புகழ்பெற்றிருக்கின்றன. இத்தனை பராக்கிரமமுள்ள வண்டி, ஓடையைக் கடந்து கரையேறிய பிறகு, ஒரு தூறலுக்குள் சாரதியின் முழங்காலை நனைத்துவிடுகிறதென்றால், குற்றம் பெரும்பாலும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையினுடையது. நம் பட்டறைக்காரர்கள் பீடிங் என்பது அதைத்தான்.

முழங்கால்தானே நனைகிறது என்று அலட்சியம் செய்வது தகாது. இவ்வண்டியின் கதவு எஃகுச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை மடித்துப் பொருத்தியது. இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் தங்குமாயின், மின்கலத்தினுள் நிகழும் அதே ரஸாயனக் கிரியை அங்கேயும் நிகழ்ந்து, அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்கிவிடும்.

ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதனாலேயே, அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்பும் சுபாவம் அதற்கு உண்டாகிறது. ஆண்டுக்கணக்காக அமுங்கிய நிலையிலேயே வெயிலில் வெந்தால், பழைய பிணைப்புகள் அறுந்து, அமுங்கிய வடிவத்திலேயே புதியவை ஏற்பட்டுவிடும். அப்புறம் கதவைத் திறந்தாலும் பட்டை எழும்பாது. இயற்கை ரப்பருக்குக் காற்றிலுள்ள ஓசோனும் சத்துரு. சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அது மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரின் மூலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாமையால், இன்றைய பட்டைகள் பலவும் அதனாலேயே செய்யப்படுகின்றன.

புதுப் பட்டை வாங்குமுன் கதவைப் பரீட்சிக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். கீல் தேய்ந்து கதவு தொங்கிப்போன வண்டிக்கு எத்தனை உயர்ந்த ரப்பரும் பிரயோஜனப்படாது. இடுக்கில் காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், அழுத்தம் உள்ள இடத்தில் அது தயங்கித் தயங்கி வரும். இல்லாத இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

டிஃபெண்டரின் பட்டை, நிலையின் தகட்டு விளிம்பைக் கவ்விக்கொள்ளும்படி உள்ளே உலோகக் கவ்விகள் கொண்டது. பழையதைப் பிடுங்கிய பின், நெளிந்த விளிம்பை நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, பிரைமர் பூசி உலரவிடுவதை அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். புது ரப்பரின் மறைவில் துரு அதன்பின் நிம்மதியாக வளரும். இணைப்பு கீழ்ப்புறத்தில் அமையும்படி தொடங்கிப் பொருத்திக்கொண்டு வருகையில், பட்டையை இழுத்துப் பிடித்தால் வேலை சுலபமாகும் என்று கைக்குத் தோன்றும். அந்த ஆசைக்கு இடங்கொடுக்கலாகாது. இழுபட்ட ரப்பர் நாளாவட்டத்தில் சுருங்கி, மூலைகளில் உள்வாங்கி, இணைப்பில் வாய் பிளந்துவிடும். ஆகவே மூலைகளில் சற்றுத் தாராளமாகவே ஊட்டி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, கடைசி முனையையும் கொஞ்சம் நீளமாக அறுத்து, இரு முனைகளும் முட்டி நிற்கும்படி அமுக்கிவிட வேண்டும்.

ஆரம்பத்தில் சில நாட்கள் கதவு ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டும்; அதற்காக உடனே பூட்டுக் கொக்கியைத் தளர்த்திவிட வேண்டாம். கிறீச்சிடுகிறதென்று பட்டையில் எஞ்சின் எண்ணெயோ சாதாரண கிரீஸோ தடவினால் ஈ.பி.டி.எம். ஊதிக் கெடும், சிலிக்கோன் கிரீஸே ஏற்றது. பிறகு குழாய் நீரை மேலிருந்து விட்டுப் பார்க்கலாம். அப்போது கதவின் அடியில் நீர் சொட்டுவதைக் கண்டு பதறுவோர் உண்டு. கண்ணாடி இறங்கும் பிளவின் வழியே கதவுக்குள் புகும் நீர் வெளியேறுவதற்கென்றே அங்கே துவாரங்கள் இருக்கின்றன, அவற்றைப் பசை வைத்து அடைத்தால் எஃகுச் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.