கடற்கரை ஊர்க்காரரின் மலைக் கணக்கு

புதுச்சேரியில் மூச்சு வாங்க ஓர் ஏற்றம் வேண்டுமென்றால் கோரிமேட்டுக்குத்தான் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதுவும் ஜிப்மர் வாசலோடு முடிந்துவிடும். பீச் ரோட்டில் எத்தனை சுற்று நடந்தாலும் கால் ஒரே மட்டத்தில்தான் போய்வருகிறது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரே நாளில் பர்வதமலை ஏறி இறங்கத் திட்டமிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "உச்சிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" அந்தக் கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்குள் அடிவாரத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

பர்வதமலை திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கம் பக்கம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். தென்மாதிமங்கலம் வழியாகவும் ஏறலாம், கடலாடி வழியாகவும் ஏறலாம். முதலில் படி, பிறகு கரடுமுரடான கல் பாதை, கடைசியில் பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏறும் செங்குத்து. இந்தக் கடைசிப் பகுதிக்குக் கடப்பாறை நெட்டு என்று பெயர். உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயில். உயரம் சுமார் 4,500 அடி என்பார்கள். அடிவாரமே கடல்மட்டத்துக்குச் சில நூறு அடி மேலே இருப்பதால், ஏற வேண்டியது 1,000 மீட்டர், நடக்க வேண்டியது 5 கிலோமீட்டர் என்று கணக்கு வசதிக்காக வைத்துக்கொள்வோம்.

இந்த மலைக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதுவது ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் என்றால் மிகையில்லை. சங்க நூலான மலைபடுகடாம் சொல்லும் நவிரமலை இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். நன்னன் என்ற மன்னனைக் காணப் போகும் கூத்தர்களை எச்சரிக்கிற அந்த 583 அடிப் பாட்டைப் பக்தியாகவோ இலக்கியமாகவோ மட்டும் படிக்கிறோம். எனக்கு அது அபாயப் பட்டியலாகத் தெரிகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் கிடக்கும், விடிந்த பிறகு போங்கள். வழுக்கும் இடத்தில் மெல்லிய மூங்கிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்துக் கவண்கல் பறந்து வரும், மரத்தின் மறைவில் போங்கள். ஒவ்வோர் ஆபத்தும், அது இருக்கும் இடமும், தப்பும் வழியும் அதில் உண்டு. இன்றைய வழிகாட்டிப் பலகைகளில் இவ்வளவு தகவல் இருப்பதில்லை.

இனி நேரம். மலைநடைக்கு இன்றும் புழங்கும் சூத்திரத்தை 1892-இல் வகுத்தவர் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 100 மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம். நம் கணக்குக்கு 2 மணி 40 நிமிடம் வருகிறது. ஆனால் நெய்ஸ்மித் மனதில் இருந்தவர் குளிர்காற்றில் நிற்காமல் நடக்கும் திடகாத்திரமான ஆள். நம் வெயிலையும், கம்பிப் பகுதியில் முன்னால் நிற்கிறவர்களுக்காகக் காத்திருப்பதையும் சேர்த்தால் நான்கு மணி நேரம் வைப்பதே நியாயம். பௌர்ணமி என்றால் அதுவும் போதாது.

மறுமுனையில் இருப்பது சூரியன். ஜனவரி நடுவில் இங்கே மாலை ஆறு மணி சுமாருக்கு அஸ்தமனம். வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாக இறங்குவதால், அந்தி வெளிச்சம் 23 நிமிடம் போலத்தான் நிற்கும். சாய்வாக இறங்கும் பாரீசில் அதே பருவத்தில் 35 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். மரங்களுக்கடியில் அந்த 23-உம் கிடையாது. ஆகவே ஐந்து மணிக்குள் கீழே இருக்க வேண்டும். இறங்க மூன்று மணி நேரம்; சுளுக்கு, பசி, வழிதவறல் இவற்றுக்கு ஒரு மணி நேரம். எங்கே நின்றுகொண்டிருந்தாலும் சரி, பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும், கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட. ஏற்றத்துக்கு நான்கு மணி நேரம், மேலே ஒரு மணி நேரம் என்றால் காலை எட்டு மணிக்காவது ஏறத் தொடங்கியாக வேண்டும். ஆறரைக்கு என்றால் உத்தமம். அதாவது புதுச்சேரியில் மூன்று மணிக்கு எழ வேண்டும்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. பையோடு 70 கிலோ எடையை 1,000 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் சுமார் 164 கிலோகலோரிதான், இரண்டு இட்லிக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் நம் தசை உண்ட சக்தியில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, ஏற்றத்துக்கு மட்டும் 650 கிலோகலோரி எரிகிறது. அதில் ஏறக்குறைய 490 வெறும் வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரியைக் கொண்டுபோகும். எனவே அந்த வெப்பத்தை வெளியேற்ற முக்கால் லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை குளிர்விக்காது. கிடைமட்ட நடை, இறக்கம், வெயில் எல்லாம் இதற்கு மேல். ஆளுக்கு நான்கு லிட்டர் தூக்கச் சொல்வது இதனால்தான். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ ஊறுகாய் வைத்த புளிசாதமோ பையில் இருக்கட்டும். ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம் உண்டு. புழுக்கத்தில் பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பையும் குறைவாக இழக்கும். ஏசி அறையிலேயே வாழ்கிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

ஏற்றத்தில் இரைக்கும்போது 'மேலே ஆக்சிஜன் குறைவு' என்பார்கள். குறைவுதான், ஆனால் இந்த உயரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். இரைப்புக்குக் காரணம் நம் கால்.

உண்மையில் கடற்கரை ஊர்க்காரரைக் கவிழ்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. இழுபட்டபடியே வேலை செய்யும்போது தசைநார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். அதற்கு முன்பே, மலையிலேயே, தசை வலுவிழந்து முழங்கால் நடுங்கத் தொடங்கும். சமதளத்தில் நடந்து இதைப் பழக முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், ஒரே ஒரு முறை இறங்கிப் பழகிய தசை சில வாரங்களுக்கு அதே சேதத்தை எதிர்த்து நிற்கும். ஏறக்குறைய தடுப்பூசி மாதிரி. அந்த ஊசி போட நமக்கு வாய்த்த இடம் செஞ்சி ராஜகிரி. சுமார் 240 மீட்டர் உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை செஞ்சியை இரவோடிரவாகப் பிடித்தது. நாம் பகலிலேயே போகலாம். பர்வதமலைக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு காலையில் ஏறி, கைப்பிடியில் தொங்காமல் நிதானமாக இறங்கினால் போதும்.

எந்த மாதம்? நான் ஜனவரி என்பேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகரில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மறுநாள் அதே புயலின் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து 7 பேர் மாண்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகளையும் நம்ப முடியாது. மார்ச்சில் காய்ந்த புல். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறச் சென்ற குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் இறந்தார்கள். சரிவு பத்துப் பாகை கூடினால், மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கணக்கு. மேலே ஓடித் தப்புவது நடக்காத காரியம். சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் இடி. இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. வனத்துறையின் நேரக் கட்டுப்பாடுகள் மாறிக்கொண்டிருக்கும்; கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

கணக்கில் எல்லோரும் விட்டுவிடுகிற கடைசி வரி ஒன்று இருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்தவர் இரவு எட்டு மணிக்குத் திண்டிவனம் பக்கம் கார் ஓட்டிக்கொண்டிருப்பார். அதாவது 17 மணி நேரமாக விழித்திருக்கிறார். அந்த நிலையில் ஒருவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே 0.03 தான். திருவண்ணாமலையிலேயே அறை எடுத்துத் தங்கிவிடலாம். விடுப்பு இல்லாதவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போய்வரட்டும். திரும்பும் வழியில் ஓட்டுநர் விழித்திருந்தால் போதும், நாம் செஞ்சி வருவதற்குள் தூங்கிவிடலாம்.